வரும்... ஆனா வராது! நூற்றுக்கு எத்தனை?

"நாளை கனமழை எச்சரிக்கை... திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை!"

டி.வி.யில் இந்த வரி ஓடியதும் வீடே அதிரும்படி 'ஹேய்...' என்று கத்துவீர்கள்தானே குட்டீஸ்?

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் சுள்ளென்று வெயில்! தெருவில் கிரிக்கெட் தொடங்கிவிடும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா சிரிப்பார். "வானிலை அறிக்கையில மழை வரும்னு சொன்னா குடையை வீட்டுல வெச்சுட்டுப் போடா. வராதுன்னு சொன்னா எடுத்துட்டுப் போ!"

தாத்தா சொன்னது நல்ல நகைச்சுவைதான். ஆனால், அது சரியா? வானிலை அறிக்கை பொய் சொன்னதா?

கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

மூன்று நாள் வெயில்!

பலத்த மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று சொல்லியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன பொருள்? இதே மாதிரி மேகம், இதே மாதிரி காற்று, இதே மாதிரி ஈரப்பதம் உள்ள பத்து நாட்களை எடுத்துக்கொண்டால், ஏழு நாட்களில் மழை பெய்யும். மூன்று நாட்களில் பெய்யாது. வெயில் அடித்த அந்த நாள், மீதமுள்ள மூன்று நாட்களில் ஒன்றாக இருக்கலாம். எனவே, ஒரே ஒரு நாளை வைத்து, '70 சதவீதம் என்றது தப்பு' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

"அதெல்லாம் வேண்டாம் சார். மழை வரும், இல்லாவிட்டால் வராது. ரெண்டே ரெண்டுதான். அப்படின்னா பாதிக்குப் பாதி!" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதுவும் தவறு! நாளை பள்ளி வாசலில் நீங்கள் ஒரு சிங்கத்தைப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். அதற்காக அது பாதிக்குப் பாதியா? இரண்டு முடிவுகள் இருந்தால், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று அர்த்தம் இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று பார்க்க வேண்டும். அதைத்தான் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'நிகழ்தகவு' என்று படிக்கிறோம்.

வானொலியில், 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டதும் ஏதோ ஒன்றிரண்டு ஊர் என்று நினைப்போம். வானிலைத் துறையினர் கணக்கில், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பெய்யலாம் என்று பொருள். பொன்னேரியில் கொட்டும், ஊத்துக்கோட்டையில் புழுதி பறக்கும். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே அறிக்கையைத்தான் கேட்டிருப்பார்கள். ஒருவர் பாராட்டுவார்; ஒருவர் திட்டுவார்!

ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை?

"ராக்கெட்டையே குறி பார்த்து அனுப்புகிறோம். மழையைச் சொல்ல முடியாதா?" என்று கேட்கலாம். பழவேற்காடு ஏரியின் அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா இருப்பதால், திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் கட்டாயம் வரும்.

1961-ல் அமெரிக்காவில் எட்வர்டு லோரன்ஸ் என்ற விஞ்ஞானி, கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு ஒன்றைப் போட்டார். அதே கணக்கை மறுபடி போடும்போது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் சுருக்கமாக 0.506 என்று கொடுத்தார். பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லாத வித்தியாசம்! இரண்டு கணக்கும் கொஞ்ச நேரம் ஒன்றாகவே சென்றன. பிறகு மெல்ல விலகின. கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலையைக் காட்டின.

காற்றின் வேகத்தையும், வெப்பத்தையும் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் ஒரு துளி வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? அந்தத் துளி, நாளாக நாளாக வளர்ந்து விடுகிறது.

அதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே கணக்கை ஒருமுறை போடாமல், தொடக்க அளவுகளைத் துளித் துளி மாற்றிப் பல முறை போடுவது! இந்தியாவில் 2018-ல் தொடங்கிய இப்படியொரு முறையில், ஒரே நாளுக்கு 21 கணிப்புகள் போடப்பட்டன. 21-ல் 15 கணிப்புகள் 'மழை' என்று சொன்னால்? 15-ஐ 21-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 71 சதவீதம்! 'வாய்ப்பு' என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. எண்ணிப் பார்த்துச் சொல்வது.

பூவா, தலையா?

இப்போது ஒரு விளையாட்டு. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பத்து முறை சுண்டுங்கள். ஆறு முறையோ அதற்கு மேலோ தலை விழுமா? அதற்கு வாய்ப்பு சுமார் 38 சதவீதம். அதாவது, பத்துப் பிள்ளைகள் இப்படிச் சுண்டினால், அவர்களில் நான்கு பேருக்கு அப்படி விழுந்துவிடலாம். இதில் ஆச்சரியமே இல்லை.

நூறு முறை சுண்டினால், அறுபது முறையோ அதற்கு மேலோ தலை விழ வாய்ப்பு எவ்வளவு? 'அதே 38 தானே?' என்று அவசரப்படாதீர்கள். சுமார் 3 சதவீதம்தான்!

சரி, ஆயிரம் முறை சுண்டினால், அறுநூறோ அதற்கு மேலோ தலை? நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு! அப்படி யாருக்காவது விழுந்தால், நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தலையாக இருக்கப் போகிறது!

இன்னொன்று. நான்கு முறை தொடர்ந்து தலை விழுந்துவிட்டது. "இந்தத் தடவை கண்டிப்பா பூதான்!" என்று பந்தயம் கட்டாதீர்கள். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஐந்தாவது முறையும் பாதிக்குப் பாதிதான்.

அரிதாக நடப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வாய்ப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். இந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டியவர் யார் தெரியுமா? நம் பொன்னேரியில் படித்தவர்!

பொன்னேரி பள்ளி மாணவர்

கும்மிடிப்பூண்டியில் சென்னை மின்சார ரயிலில் ஏறினால் அடுத்தது கவரைப்பேட்டை, அதற்கடுத்தது பொன்னேரி. அந்த ஊர் போர்டு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர் ரங்க ஐயங்கார். அவருடைய ஒரே மகன் அதே பள்ளியில் படித்தார். பெயர் சீனிவாச வரதன். பிறந்தது சென்னையில், 1940 ஜனவரி 2-ம் தேதி.

அவருடைய கணக்கு ஆசிரியர், விடுமுறை நாட்களில் சில மாணவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் புதிர்க் கணக்குகள் கொடுப்பார். பரீட்சைக்காக அல்ல, மதிப்பெண்ணுக்காகவும் அல்ல, சும்மா விளையாட்டுக்கு! 'கணக்கு என்பது விளையாட்டு' என்ற எண்ணம் வரதன் மனதில் பதிந்தது அங்கேதான்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தார். அங்கிருந்து கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குச் சென்றார். தொழிற்சாலைகளில் பொருட்களின் தரத்தைக் கணக்கிடும் வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். ஆனால், அங்கே கிடைத்த நண்பர்கள் அவரைக் கணிதத்தின் பக்கம் இழுத்துவிட்டார்கள்! புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் சி.ஆர்.ராவ் வழிகாட்ட, 1963-ல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வைப் படித்து மதிப்பிட்டவர்களில் ஒருவர், ரஷ்யாவின் மாமேதை கோல்மோகரோவ். நிகழ்தகவுக் கணிதத்துக்கு 1933-ல் உறுதியான அஸ்திவாரம் போட்டவரே அவர்தான்.

அதே 1963-ல் நியூயார்க் சென்ற வரதன், அங்குள்ள கூரண்ட் கணித நிறுவனத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். வழக்கத்தைவிட்டு வெகுதூரம் விலகிய அரிய நிகழ்ச்சிகளின் வாய்ப்பைக் கணக்கிடும் 'பெரும் விலகல்' கோட்பாட்டை ஒரே குடைக்குக் கீழ் கொண்டுவந்தார். இயற்பியல் முதல் போக்குவரத்துப் பொறியியல் வரை இன்று அது பயன்படுகிறது.

கணிதத்துக்கு நோபல் பரிசு கிடையாது. அதற்கு இணையாக நார்வே நாடு வழங்குவது ஏபெல் பரிசு. 2007-ல் அந்தப் பரிசு வரதனுக்குக் கிடைத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் முதலில் அதைப் பெற்றவர் அவர்தான். இந்திய அரசு 2023-ல் பத்ம விபூஷண் விருது அறிவித்துப் பெருமைப்படுத்தியது.

கம்பியை உடைத்துப் பார்!

வரதன் முதலில் செய்ய நினைத்த வேலை, பொன்னேரிக்குப் பக்கத்திலேயே தினமும் நடக்கிறது. எங்கே? கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில்தான்!

இந்தப் பகுதியில் வீடு கட்டும் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலைகள் பல உண்டு. கம்பி உறுதியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்? இயந்திரத்தில் மாட்டி, அறுந்து போகும் வரை இழுப்பார்கள். சோதித்த கம்பியை விற்க முடியாது. எல்லாக் கம்பிகளையும் சோதித்தால், 'எங்கள் கம்பி நூற்றுக்கு நூறு தரம்' என்று அடித்துச் சொல்லலாம். ஆனால், விற்பதற்கு ஒரு கம்பிகூட மிஞ்சாது!

அதனால், சிலவற்றை மட்டும் கலைத்து எடுத்துச் சோதிப்பார்கள். எத்தனை எடுப்பது? இதோ கணக்கு:

ஒரு பெரிய குவியலில் பத்தில் ஒன்று மோசமான கம்பி என்று வைத்துக்கொள்வோம். 20 கம்பிகளை எடுத்துச் சோதித்தால், மோசமான கம்பி ஒன்றுகூட அகப்படாமல் தப்பிக்க வாய்ப்பு சுமார் 12 சதவீதம். 50 எடுத்தால்? 200-ல் ஒரு முறைதான் ஏமாறுவோம். நூறு சதவீத உறுதி கிடைக்கவே கிடைக்காது. ஆனால், எவ்வளவு உறுதி வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம். நாம் குடியிருக்கும் வீட்டுக்கூரையைத் தாங்குவது இந்தக் கணக்கும்தான்!

நமக்கில்லை என்றார்கள்... வந்தது!

உறுதியாக நினைத்தால் என்ன ஆபத்து என்பதற்கு, நம் கடற்கரையே சாட்சி.

2016 டிசம்பரில் 'வர்தா' புயல் உருவானது. அது ஆந்திரக் கரையைக் கடக்கக்கூடும் என்று முதலில் கணித்தார்கள். புதுப்புது அளவுகள் வர வர, கணிப்பு தெற்கே நகர்ந்தது. டிசம்பர் 12-ம் தேதி சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று! ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முதல் அறிக்கையைக் கேட்டதும், 'நமக்கில்லப்பா' என்று ரேடியோவை அணைத்தவர்கள் தவித்துப் போனார்கள். அதற்குப் பின் வந்த அறிக்கைகளையும் கேட்டவர்கள் தப்பித்தார்கள்.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல். இது நிஜமாகவே ஆந்திராவுக்குத்தான் போனது. டிசம்பர் 5-ம் தேதி பாபட்லா அருகே கரை கடந்தது. ஆனால், போகிற வழியில் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கிவிட்டல்லவா போனது! 'புயல் இங்கே கரை கடக்காது' என்பது சரி. 'அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது' என்பதுதான் தவறு.

அடுத்த முறை டி.வி.யில் புயல் படம் காட்டும்போது கவனியுங்கள். நடுவில் ஒரு கோடு இருக்கும். அதைச் சுற்றி விசிறி போல விரிந்து கொண்டே போகும் ஒரு பகுதி இருக்கும். எல்லோரும் கோட்டைத்தான் பார்ப்பார்கள். புத்திசாலி, விசிறியைப் பார்ப்பான்! புயலின் மையம் அந்த விசிறிக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாள் தள்ளிப் போகப் போக விசிறி அகலமாகும். மழையும் காற்றும் அந்த விசிறியையும் தாண்டி வரும்.

20 சதவீதம் சின்னதா?

பொன்னேரிப் பக்கம் ஒரு விவசாயி, 10,000 ரூபாய் மதிப்புள்ள நெல்லைக் களத்தில் காய வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு மழைக்கு 20 சதவீத வாய்ப்பு. மூடி வைக்கத் தார்ப்பாய் வாடகை 500 ரூபாய். நனைந்தால் நெல் அத்தனையும் முளைத்துப் பாழாகும்.

"80 சதவீதம் மழை வராதே... எதுக்கு 500 ரூபாய் தண்டம்?" என்று தோன்றும்.

இப்படிப் பத்து இரவுகள் வருகின்றன என்று கணக்குப் போடுங்கள். தார்ப்பாய் போட்டால், பத்து இரவுக்கும் சேர்த்துச் செலவு 5,000 ரூபாய். போடாவிட்டால், பத்தில் இரண்டு இரவு மழை. நஷ்டம் 20,000 ரூபாய்! மழை வராது என்பதே அதிக வாய்ப்பாக இருந்தாலும், மூடி வைப்பதுதான் லாபம். எட்டு இரவு மழை வராமல் போனால், தார்ப்பாய் வீண் என்று அவரைக் கேலி செய்யக் கூடாது.

வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது; நடந்துவிட்டால் இழப்பு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். அதே 20 சதவீதத்துக்கு, தெருமுனைக் கடைக்குப் போகும் நீங்கள் குடை இல்லாமல் போகலாம். நனைந்தால் தலையைத் துவட்டிக்கொள்ளலாம். ஆனால், பழவேற்காட்டு மீனவர், புயல் வர 20 சதவீத வாய்ப்பு என்றால் படகைக் கடலில் இறக்க மாட்டார். அங்கே போவது உயிர்!

இப்போது சொல்லுங்கள். ஆரணி ஆற்றிலும் கொசஸ்தலை ஆற்றிலும் வெள்ளம் புரளலாம் என்ற நிலையில், பள்ளிக்கு விடுமுறை விட்டது தவறா? வெயில் அடித்தால் இழப்பு, ஒரு நாள் பாடம். அதைச் சனிக்கிழமை நடத்திக்கொள்ளலாம். விடுமுறை விடாமல் இருந்து, மழையும் கொட்டியிருந்தால்?

நீங்களும் கணிக்கலாம்!

ஒரு பழைய நோட்டை எடுங்கள். தினமும் காலையில் வானத்தைப் பார்த்து, இன்று மழைக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று உங்கள் கணிப்பை எழுதுங்கள். 10, 30, 50, 70, 90 என்று ஏதாவது ஓர் எண். 'நிச்சயம்' என்ற வார்த்தைக்குத் தடை! இரவில், மழை பெய்ததா, இல்லையா என்று குறித்து வையுங்கள்.

பிறகு, நீங்கள் '70' என்று எழுதிய நாட்களை மட்டும் தனியாக எண்ணுங்கள். அதில் பத்துக்கு ஏழு நாள் மழை பெய்திருந்தால், சபாஷ்! பத்துக்குப் பத்தும் பெய்திருந்தால், நீங்கள் பயந்து பயந்து குறைத்துச் சொல்கிறீர்கள். நான்கு நாள்தான் பெய்தது என்றால், கொஞ்சம் அதிகமாக 'அடித்து' விடுகிறீர்கள்! பத்து நாளை வைத்தே முடிவு கட்டிவிடாதீர்கள். நாணயம் சுண்டியது நினைவிருக்கிறதா? பத்து முறையில் எதுவும் நடக்கலாம். ஒரு வருடம் தொடர்ந்து எழுதினால்தான் உண்மை தெரியும்.

மழைக்கு மட்டுமல்ல. "கணக்குல கண்டிப்பா சென்டம்!" என்றும் சொல்லாதீர்கள், "நான் நிச்சயம் பெயில்தான்" என்றும் அழாதீர்கள். 'எவ்வளவு வாய்ப்பு? அதைக் கூட்ட இன்றைக்கு என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். இன்றைக்கு இரண்டு கணக்குக் கூடுதலாகப் போட்டால், 60 என்பது 65 ஆகும். புதிய செய்தி வந்தால் எண்ணை மாற்றிக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். வானிலைக்காரர்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்த முறை தாத்தா, "மழை வருமாடா, வராதாடா?" என்று கேட்டால், "வர்றதுக்கு நூற்றுக்கு முப்பது தாத்தா. நீங்க வயல்வெளிக்குப் போறீங்க, இடி இடிச்சா ஒதுங்க இடம் இல்லை. அதனால சாயந்திரத்துக்குள்ள திரும்பி வந்துடுங்க!" என்று சொல்லிப் பாருங்கள்.

தாத்தா உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால், சீக்கிரம் திரும்பி வருவார். அதற்கு வாய்ப்பு... ம்ம்ம், 80 சதவீதம்!